கொள்ளிடத்து மணலில் ஒரு தாய்மாமன்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆற்றைக் கண்டால் பயம் கிடையாது. இதை யாரும் வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்து ஆறுகளில் தண்ணீர் கிடையாது, அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, அங்கேயே குடியிருந்து, ராஜபாளையத்தில் பிழைப்பு நடத்தும் என்னைப் போன்றவனுக்கு ஆறு என்பது மழைக்காலத்தில் நாலு நாள் சகதியாகவும் மற்ற நாட்களில் மைதானமாகவும் கிடக்கும் ஓர் இடம். அதில் கிரிக்கெட் ஆடலாம், சீட்டு ஆடலாம், ஆள் இல்லாத நேரம் பார்த்து அழவும் செய்யலாம். நான் வண்டி ஓட்டப் பழகியதே ஆற்றுக்குள்தான். "இடிக்கிறதுக்கும் ஒண்ணுமில்ல, விழுறதுக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லி அப்பா அங்கேதான் கொண்டுபோய் விட்டார். இப்படிப் பழகிய ஒருவன் கொள்ளிடத்துக்குள் வண்டியை இறக்கியது யார் தப்பு என்று இருபது வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். என் தப்புதான். வேறு யார் தலையிலும் கட்ட வழி கிடைக்கவில்லை.

என் ஒரே தங்கை சாந்தியைக் கொள்ளிடத்தின் வடகரையில் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் குடும்பம் நடத்துகிறாள்.) அப்போது அங்கே பாலம் கிடையாது. பாலம் வரப்போகிறது என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்வார்கள். தேர்தல் மட்டும் தவறாமல் வரும். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து போனால் தென்கரையில் இறங்கி, மணலில் நடந்து, படகில் ஏறி அக்கரை சேர வேண்டும். படகு வேண்டாம் என்றால் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வர அரை நாள் ஆகும்.

கல்யாணத்தன்றே சாந்தியின் பெரிய மாமனார் பந்தியில் என்னைப் பார்த்து, "உங்க ஊர்ல குளிக்கறதுக்கெல்லாம் என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் உள்ள ஊர்க்காரர், அவ்வளவுதான். ஆனால் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த என் தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் பயத்தில் சிரித்தாள் என்று பிறகுதான் புரிந்தது. அன்றைக்குப் புரியவில்லை. ஒருநாள் இந்த ஊர் வாயைப் பிளக்கிற மாதிரி வந்து இறங்குகிறேன் பார் என்று சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே சபதம் எடுத்தேன்.

சந்தர்ப்பம் ஒன்றரை வருஷத்தில் வந்தது. சாந்திக்குப் பெண் குழந்தை. பதினோராம் மாதத்தில், ஆற்றங்கரையில் இருக்கும் அவர்கள் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று முடிவானது. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்குப் பயணம் ஆகாது. கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, கம்மல், உட்கார வைத்துக் காது குத்த மடி, இந்த மூன்றும் என் பொறுப்பு. முதலிரண்டையும் வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். மூன்றாவதை நானேதான் சுமந்துகொண்டு போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் குத்தியாக வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் செல்வராஜ் என்றொருவர் போன் செய்தார். ஆலங்குளத்துக்காரர். வடகரைப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய், சாந்தி இருக்கும் தெருவிலேயே வாடகைக்கு இருந்தார். நம் பக்கத்து ஆள் என்பதால் சாந்தி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணாச்சி, வண்டிய தென்கரையில புளியமரத்தடியிலயே போட்ருங்க. அங்கன ஒரு டீக்கடை இருக்கு, பாத்துக்கிடுவாங்க. ஆத்துக்குள்ள மட்டும் எறக்கிராதீங்க. மணல் பாக்கத்தான் காஞ்ச மாதிரி இருக்கும்" என்றார்.

"தம்பி, ஆலங்குளத்த விட்டுப் போயி எம்புட்டு வருஷமாச்சு? ஆத்து மணலப் பத்தி எனக்கா சொல்லித் தாரீக?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "சரி அண்ணாச்சி, பாத்து வாங்க" என்று வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு வருஷத்தில் அவரை வெறுக்க எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துத் தறிகளிலிருந்து பேண்டேஜ் துணிக் கட்டுகளை ஏற்றிப்போக நான் அப்போதுதான் குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்றை வாங்கியிருந்தேன். புத்தம் புதுசு, வெள்ளை நிறம். அதன் முகப்பில் 'தாய்மாமன் சீர்' என்று ஃப்ளெக்ஸ் கட்டினேன். எழுத்துக்குப் பக்கத்தில் என் போட்டோவும் இருந்தது. (கைகூப்பியபடி. தேர்தலில் நிற்பவன் மாதிரி.) பின்னால் இருபத்தொரு சீர்த்தட்டு, தேக்குமரத் தொட்டில் ஒன்று, தட்டுகளைப் பிடித்துக்கொள்ள சித்தப்பா குடும்பத்தில் ஏழு பேர். முன்னால் நானும் என் மனைவி கோமதியும். ராத்திரி இரண்டு மணிக்கே கிளம்பி, எட்டரைக்குத் தென்கரையில் நின்றோம்.

ஆற்றைப் பார்த்தேன். முதலில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அதற்கப்பால் நீளமாகத் தண்ணீர். அதற்கும் அப்பால் வடகரை. அங்கே ஓர் அரசமரம், கோயில், சாமியானா பந்தல், மரக்கிளையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. ஆட்கள் விரல் உயரத்துக்குத் தெரிந்தார்கள். இவ்வளவுதானா என்று தோன்றியது. கொஞ்சம் கீழ்ப்பக்கமாக ஒரு டிராக்டர் தண்ணீருக்குள் இறங்கி, சக்கரம் பாதி நனைய, அக்கரையில் ஏறிப் போனதையும் பார்த்தேன். என் தலையெழுத்து அந்த டிராக்டர் வடிவத்தில் போனது.

படகை அப்போதுதான் இக்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்திய ஓடக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு மணலில் நடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு.

"காதுகுத்துக்குங்களா? வண்டிய இங்கயே நிப்பாட்டிடுங்க. தட்டெல்லாம் ரெண்டு நடையில ஏத்திடலாம்" என்றார்.

"வேண்டாம். அந்த டிராக்டர் போன வழியிலயே ஓட்டிருவேன். வாசல்லயே போயி எறங்கிக்கிடுதோம்."

"அது டிராக்டருங்க. அவனுக்கு எடம் தெரியும்."

"எங்க ஊர்ல வண்டி பழகுறதே ஆத்துக்குள்ளதாங்க."

அவர் என்னையும் ஃப்ளெக்ஸில் இருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ஊர் ஆறு வேறங்க. இது தண்ணி இருக்கற ஆறு" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்ன உண்மை அது. எனக்கு அது பெரிய மாமனாரின் குரலில் கேட்டது. கோமதி என் முழங்கையைப் பிடித்தாள். நான் கியரைப் போட்டேன்.

முதல் பாதி தூரம் வண்டி ராஜா மாதிரி போனது. கண்ணாடியில் திரும்பிப் பார்த்து ஓடக்காரருக்குக் கையாட்டினேன். (இதை நினைத்தால் இன்றைக்கும் குளிக்கும்போது தனியாக இருந்தாலும் தலை குனிந்துவிடும்.) தண்ணீருக்கு ஐம்பதடி முன்னால் பின்சக்கரம் 'பொதுக்' என்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். நன்றாகப் பழகியவன் செய்வதைத்தான் செய்தேன். அது காய்ந்த ஆற்றில் பழகியவன் செய்வது. மேலே காய்ந்த மணல், அடியில் கூழ். மிதிக்க மிதிக்க வண்டி கீழே போனது. பத்து நிமிஷத்தில் ஃப்ளெக்ஸில் இருந்த நான் மணலுக்கு ஒரு முழம் மேலே கைகூப்பிக்கொண்டிருந்தேன்.

ஏழு பேரும் இறங்கித் தள்ளினார்கள். சித்தப்பாவின் புது வேட்டி ஒரு நொடியில் சேற்று நிறமானது. அவர் என்னைத் திட்டவில்லை. வாயைத் திறந்தால் சேறு உள்ளே போகும் நிலையில் இருந்தார்.

அப்போதுதான் அக்கரையில் மைக் முதல்முறையாகப் பேசியது.

"ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகை தரும் தாய்மாமன் அவர்கள், எங்கிருந்தாலும் உடனடியாக விழாப் பந்தலுக்கு வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

தண்ணீர் மேல் குரல் எவ்வளவு தெளிவாக வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் அதைத் தெரிந்துகொள்ள வாய்ப்பில்லை.

ஓடக்காரர் வந்த ஆட்களை ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வாங்க, கெளம்பப் போறேன்."

கோமதி என் அருகே வந்து, "ஏங்க, கம்மல எடுத்துக்கிட்டு நீங்க மட்டும் ஏறுங்க. தட்டும் நாங்களும் பொறவு வாரோம்" என்றாள்.

"தாய்மாமன் கைய வீசிக்கிட்டுப் போயி நிக்கவா?"

"புள்ள மடியிலதான உக்காரப் போகுது? தட்டுலயா உக்காரப் போகுது?"

பதில் இல்லாத கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும். "செத்த நேரம் சும்மா இரு" என்றேன். படகு எங்கள் கண்ணெதிரே போனது. போகும்போது அதில் இடம் இருந்தது. அதுவும் கண்ணுக்குத் தெரிந்தது.

டீக்கடையில் மண்வெட்டி வாங்கி வந்து தோண்டினேன். தோண்டிய குழியில் தண்ணீர் ஊறியது. எங்கள் ஊரில் இப்படி ஒரே வெட்டில் தண்ணீர் ஊறினால் பொங்கல் வைத்துக் கும்பிட்டிருப்போம். படகு திரும்பி வந்தது. மறுபடியும் நிறைந்தது. மறுபடியும் ஓடக்காரர் கூப்பிட்டார். மறுபடியும் நான் மண்வெட்டியோடு நின்றேன். போன் அடித்தது. சாந்தி.

"அண்ணே, மணி பத்தாகப் போகுது. நீ மட்டும் வாண்ணே."

"அஞ்சே நிமிஷம் சாந்தி. வண்டி கெளம்பிருச்சு, வந்துக்கிட்டே இருக்கேன்."



"அண்ணே, இங்கன இருந்து தெரியுது" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கரையில் பந்தலை விட்டு மொத்தக் கூட்டமும் கரையோரம் வந்து வரிசையாக நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து பார்த்திருக்கிறார்கள். மைக்காரர் இரண்டாவது அறிவிப்பில் சொல்லைத் திருத்திக்கொண்டார். "மணலில் நின்றுகொண்டிருக்கும் தாய்மாமன் அவர்கள்..."

அந்த நொடியில்கூட ஓடியிருக்கலாம். போன படகு நடு ஆற்றில்தான் இருந்தது, கூப்பிட்டால் திரும்பியிருக்கும். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வண்டியைக் கைவிட்டுவிட்டு ஓடுவதா என்று நின்றேன். அவர்கள் பார்ப்பதாலேயே போக முடியவில்லை. இப்படி ஒரு கோழைத்தனம் இருக்கிறது. வெளியே பார்க்க அது வீம்பு மாதிரி இருக்கும்.

படகு மூன்றாம் முறை வந்தபோது மணி பத்து பத்து. இந்தத் தடவை கோமதி என்னிடம் கேட்கவில்லை. "ஏட்டி, தட்டுகளத் தூக்குங்க" என்று சித்தப்பா மகள்களுக்கு உத்தரவு போட்டுவிட்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். இருபத்தொரு தட்டையும் அடுக்கி, பால் கேன்களுக்கும் ஒரு மொபெட்டுக்கும் நடுவில் நாங்கள் ஒடுங்கிக்கொண்டோம். தொட்டில் மணலிலேயே கிடந்தது.

அதுவரை நான் படகில் ஏறியதே கிடையாது. ஏறிய பிறகு உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவும் இல்லை. பட்டுப்பாவாடைத் தட்டைக் கையில் ஏந்தி, அக்கரைக்காரர்கள் பார்க்கும்படி நிமிர்ந்து நின்றேன்.

"உக்காருங்க" என்றார் ஓடக்காரர்.

"பரவால்ல."

"உங்களுக்குப் பரவால்ல. படகுக்கு ஆகாது."

அவர் சொல்லி முடிக்கவும் படகு ஒரு பக்கம் சாயவும் சரியாக இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடம் பால்கோவாத் தட்டு. ஊரிலிருந்து காகிதம் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்த இரண்டு கிலோ பால்கோவா. எழுந்திருக்க முயன்றேன். மொபெட்காரர் என் தோளை அழுத்தி, "தயவு பண்ணி அப்பிடியே இருங்க சார்" என்றார். இருந்தேன்.

நடு ஆற்றுக்கு வந்திருப்போம். அக்கரையில் மேளம் சட்டென்று வேகம் பிடித்தது. அந்த வேகம் எதற்கு என்று எனக்குத் தெரியும். கரையில் நின்ற கூட்டம் பந்தலுக்குள் திரும்பியிருந்தது. அரசமரத்தடியில் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மொட்டைத் தலையோடு குழந்தை. ஆசாரி குனிந்தார். மைக்கை அணைக்க மறந்திருப்பார்கள் போல. குழந்தை அழுதது ஒலிபெருக்கியில் ஆறு முழுக்கக் கேட்டது. கொஞ்சம் நிறுத்தினாள். மறுபடி அழுதாள். காதுக்கு ஒரு தடவை.

கம்மல் என் சட்டைப்பையில் இருந்தது. கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன். படகில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஓடக்காரர் கோலை ஊன்றுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, பிறகு மெதுவாக ஊன்றினார். அவசரமாகப் போக இனி ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. வெட்கம் வந்தது. இரண்டையும் விட அதிகமாக அந்த வெள்ளைச் சட்டை மேல் ஆத்திரம் வந்தது.

கரையேறினோம். வரவேற்க வந்த பெரிய மாமனார் என் முன்பக்கச் சேற்றையும் பின்பக்கப் பால்கோவாவையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வாங்க வாங்க. ஆத்துல தண்ணி எப்பிடிங்க?" என்றார். பந்தலே சிரித்தது. இந்தத் தடவை சாந்தி சிரிக்கவில்லை.

செல்வராஜ் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. ராகுகாலம் நெருங்கிருச்சு. தங்கச்சி வந்து கேட்டுச்சு, என்னால தட்ட முடியல" என்றார். குழந்தையின் காதில் கிடந்தது அவர் மகளின் கம்மல். அந்தச் சின்னப் பெண் வெறுங்காதோடு பக்கத்தில் நின்று குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதரிடம் நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டும். எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையே பொய். "நாற்காலி காலியா இருந்தா உக்காந்துருவீகளோ?" என்றேன். செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

சாந்தி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் உன்னத்தானண்ணே கூப்பிட்டேன். வண்டியவா கூப்பிட்டேன்?"

அவ்வளவுதான் கேட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் கிளம்பும்வரை என்னோடு பேசவில்லை.

சாப்பாட்டில் எனக்கு உப்பு உறைப்பு தெரியவில்லை. மூன்று மணிக்கு, காலையில் பார்த்த அதே டிராக்டர் வந்து வண்டியை இழுத்தது. விருந்து சாப்பிட்ட பாதிப் பேர் படகு ஏறி வந்து வேடிக்கை பார்த்தார்கள். மைக்காரரும் வந்திருந்தார். நல்லவேளை, மைக்கைக் கொண்டுவரவில்லை.

பிறகு பாலம் வந்தது. நிஜமாகவே வந்தது. இப்போது தென்கரையிலிருந்து வடகரைக்கு மூன்று நிமிஷம். படகுத்துறை இருந்த இடத்தில் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. பாலம் வந்த பிறகு அந்த வீட்டின் ஒவ்வொரு நல்லது கெட்டதுக்கும் நான் முதல் ஆளாகப் போய் நின்றிருக்கிறேன். காது குத்திய அந்த மருமகள் பெரியவளானபோது விடிகாலையிலேயே போய், வாசலில் கோலம் போட்டவர்களுக்கு இடைஞ்சலாக நின்றேன். நேரத்துக்குப் போனதைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்தில் மைக் கட்டினாலும் எவனாவது ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மணலில் நின்றுகொண்டிருக்கும் தாய்மாமன் அவர்கள்" என்று தொடங்குவான். எனக்கு அறிமுகமே இல்லாத பிள்ளைகள்கூட விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் இரண்டு தடவை சொல்வார்கள்.

செல்வராஜிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல வருஷம் நினைத்தேன். அவர் ஓய்வுபெற்று ஆலங்குளத்துக்கே திரும்பிவிட்டார். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. இன்றுவரை போகவில்லை.

போன மாதம் மருமகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை வைக்க சாந்தியும் அவளும் காரில் வந்தார்கள். எங்கள் வழக்கத்தில் சாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. மருமகள் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை நீட்டினாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கோமதி காபி கொண்டுவந்தாள்.

"நேரா இங்கதான் வாரீகளா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

மருமகள் அம்மாவைப் பார்த்தாள். சாந்தி காபியைப் பார்த்தாள்.

"இல்ல மாமா. ஆலங்குளம் போயி செல்வராஜ் மாமாவுக்கு வச்சுட்டு வாரோம். வழியில இருந்துச்சு, அதான்" என்றாள் மருமகள்.

வடக்கே மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர்தான் வரும். ஆலங்குளம் போக வேண்டுமென்றால் என் வீட்டுத் தெருமுனையைத் தாண்டி, வேறு பக்கம் திரும்பி, மைல் கணக்கில் போய், வந்த வழியே திரும்பி வர வேண்டும். பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு இருபது வருஷமாக இந்த ரோடுகளில் ஓடுகிறவன் நான். கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள், எதையாவது சொல்லிவிடப் போகிறேனோ என்று.

"ஆமாம்மா, வழிதான்" என்றேன்.